நோ ரிட்ரீட் நோ சரண்டர் படத்தில் புரூஸ் லீயின் ஆவியாக வரும் ஆள் யார்?

நடுராத்திரி எழுதியது:

வணக்கம் மக்களே. நேற்று தூக்கம் வராமல் 'நோ ரிட்ரீட் நோ சரண்டர்' பார்த்தேன். 1986 படம். வான் டாம் பெயரைப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன். மனுஷன் தொடக்கத்தில் வந்து ஹீரோவின் அப்பா காலை உடைத்துவிட்டுப் போகிறார், அப்புறம் கடைசி சண்டைக்குத்தான் திரும்ப வருகிறார். சரி, ஏமாந்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு கூத்து.

ஹீரோ பையன் சியாட்டிலில் புரூஸ் லீ சமாதிக்குப் போய்த் தன் கஷ்டத்தைச் சொல்லிப் புலம்புகிறான். கொஞ்ச நேரம் கழித்து, ஒருநாள் ராத்திரி புரூஸ் லீயே ஆவியாக வந்து அவனுக்கு வித்தை சொல்லித் தருகிறார்! முதலில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அந்த ஆள் காலைத் தூக்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. சும்மா வேஷம் கட்டி வந்த ஆள் இல்லை, நிஜமாகவே உதைக்கத் தெரிந்தவர்.

நேராகப் பார்த்தால் புரூஸ் லீ ஜாடை பெரிதாக இல்லை. பக்கவாட்டில் திரும்பினால் மட்டும் ஒரு நொடி தூக்கிவாரிப் போடுகிறது. அதைவிட வேடிக்கை, இவர் முகத்தைப் பார்த்ததாக ஞாபகமே இல்லை, முதுகை மட்டும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது. யார் இவர்? வேறு என்ன படம் செய்திருக்கிறார்? இப்போது எங்கே?

கேசட்கடை எழுதியது:

அது புரூஸ் லி, தம்பி. லீ இல்லை, லி. புரூஸ் லீ இறந்த பிறகு புரூஸ் லி, புரூஸ் லெ, டிராகன் லீ என்று வரிசையாக வந்தார்கள். அட்டைப்படத்தை நம்பி வாடகைக்கு எடுத்துப் போனவர்கள் திருப்பித் தரும்போது என்னை முறைப்பார்கள். அதில் ஒருத்தர்தான் இவர்.

கத்தரிக்கோல் எழுதியது:

கேசட்கடை அண்ணா, மன்னிக்கணும். புரூஸ் லி தைவான்காரர், ஹோ சுங்-தாவ். இவர் கொரியர், டேக்வாண்டோக்காரர். பெயர் கிம் டாய்-சுங். கொரிய உச்சரிப்பில் கிம் தே-ஜோங் என்பதுதான் கிட்டத்தட்ட சரி.

நடுராத்திரி, முதுகைப் பார்த்த மாதிரி இருக்கிறது என்றீர்களே, ரொம்பச் சரி. நீங்கள் பார்த்தது முதுகைத்தான். 1978இல் வந்த 'கேம் ஆஃப் டெத்' படத்தில் புரூஸ் லீக்கு டூப் போட்டவர் இவர். டூப் என்றால் ஒரு குட்டிக்கரணம், ஒரு மாடியிலிருந்து குதி என்ற கணக்கில் இல்லை. நடப்பது, உட்காருவது, கதவைத் திறப்பது, காதலியின் தோளில் கை வைப்பது, எல்லாமே.

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கல்யாண வீடியோ, ஆல்பம் எடிட்டிங் செய்கிறவன். இந்தத் தொழிலில் வருஷத்துக்கு நாலைந்து பேராவது ஒரு பழைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கொண்டுவந்து, "இறந்துபோன அப்பாவைக் குடும்பப் படத்தில் சேர்த்துக் கொடுங்கள்" என்பார்கள். போட்டோவில் வெளிச்சம் இடப்பக்கம், மண்டபத்தில் வெளிச்சம் வலப்பக்கம். முகத்தை எப்படியாவது ஒட்டிவிடலாம், கழுத்துதான் காட்டிக்கொடுக்கும். அதனால் 'கேம் ஆஃப் டெத்' எனக்கு வெறும் சண்டைப்படம் இல்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு: 1972இல் புரூஸ் லீ இந்தப் படத்தைத் தானே இயக்கி எடுக்க ஆரம்பித்தார். கோபுரத்துக்குள் மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு மாடியிலும் ஒரு காவல்காரனோடு மோதுவது. அந்தச் சண்டைகளில் மூன்றை எடுத்து முடித்த நிலையில் 'எண்டர் த டிராகன்' வாய்ப்பு வந்தது. இதை நிறுத்திவிட்டு அதற்குப் போனார். 1973 ஜூலை 20 அன்று இறந்துவிட்டார். 32 வயது. ஹாங்காங் தயாரிப்புக் கம்பெனியான கோல்டன் ஹார்வெஸ்ட் கையில் மிஞ்சியது, திரும்பத் திரும்ப எடுத்த டேக்குகளையும் சேர்த்து, சுமார் 100 நிமிடப் படச்சுருள். அதில் சண்டை இருக்கிறது, கதை இல்லை.

ஐந்து வருடம் கழித்து, 'எண்டர் த டிராகன்' எடுத்த ராபர்ட் கிளவுஸையே கூப்பிட்டு, அந்தச் சண்டைகளுக்கு முன்னால் ஒரு கதையை ஒட்டவைத்தார்கள். பில்லி லோ என்று ஒரு சினிமா நடிகன். ரவுடிக் கும்பல் மிரட்டுகிறது. படப்பிடிப்பிலேயே அவனைச் சுடுகிறார்கள். செத்துவிட்டதாக ஊரை நம்பவைத்துவிட்டு, முகத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பழிவாங்கக் கிளம்புகிறான். கவனித்தீர்களா? முகம் மாறிவிட்டது என்பதைக் கதையிலேயே எழுதிவிட்டார்கள். அத்தோடு விட்டிருந்தால் நல்ல யோசனைதான். ஆனால் அதை நம்பி கிம்மின் முகத்தைக் காட்டத் தைரியம் வரவில்லை. பாதிச் சண்டையில் பழைய படங்களிலிருந்து புரூஸ் லீயின் குளோசப்பைச் செருகுகிறார்கள். கிம் இருட்டறையில் திரும்பினால் அடுத்த ஷாட்டில் புரூஸ் லீ நல்ல வெயிலில் முறைக்கிறார். முழுப்படத்தில் 1972இல் எடுத்த புரூஸ் லீ காட்சிகள் 11 நிமிடம் போலத்தான் தேறும். மீதியைச் சுமந்தது டூப்புகள். குட்டிக்கரணங்களுக்கு யூன் பியாவ். மற்றபடி பெரும்பாலும் கிம்.

அந்தக் கண்ணாடிக் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், பில்லி ஒப்பனை அறையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கேமரா அவனுக்குப் பின்னால். நமக்குத் தெரிவது தலைமுடி, தோள், அதற்கு எதிரே கண்ணாடியில் முகம். அந்த முகம் புரூஸ் லீயின் போட்டோ. கண்ணாடிமேல் ஒட்டுப்படமாக இருக்கிறது! தோள் லேசாக அசைகிறது, கண்ணாடியில் முகம் அசையவில்லை. நிறுத்திப் பார்த்தால் தாடை ஓரத்தில் வெட்டிய கோடு தெரியும். எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் இப்படிச் செய்தால்கூட ஆல்பம் திரும்பி வந்துவிடும். இணையத்தில் இந்தக் காட்சியைப் போட்டுச் சிரிக்காதவன் இல்லை. நானும் சிரித்தேன். இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் உட்கார்ந்திருப்பவரைக் கவனித்தேன். தலையைக் கொஞ்சம் திருப்பினால் ஷாட் போச்சு. எதிரே கண்ணாடியில் இன்னொருவர் முகம், அதற்கு நேராகத் தன் தலையை மறைவாக வைத்துக்கொண்டு, முதுகாலேயே நடிக்க வேண்டும். கொடுத்த வேலையை அந்த மனுஷன் ஒழுங்காகச் செய்திருக்கிறார். கேலி எல்லாம் போகவேண்டிய இடம் வேறு.

கடைசியில் அந்த மஞ்சள் உடை. கிடங்கில் மோட்டார் சைக்கிள்காரர்களோடு நடக்கும் சண்டையில் மஞ்சள் உடைக்குள் இருப்பது டூப்தான். அப்புறம் கோபுரம். படி ஏறுவது கிம். மேலே போய், காவல்காரனாக வரும் டான் இனோசாண்டோ முன்னால் நிற்கும்போது அது நிஜ புரூஸ் லீ. அடுத்த மாடிக்குப் படி ஏற மறுபடியும் டூப். மேலே ஜி ஹான்-ஜே, அவரும் கொரியர், ஹாப்கிடோ என்ற கொரியத் தற்காப்புக் கலையில் பெரியவர். அங்கே மறுபடி நிஜம். பெரிய திரையில் எத்தனை பேர் இந்த மாற்றத்தைக் கவனித்திருப்பார்களோ. படி ஏறி மூச்சு வாங்கியது ஒருவர், அடித்துப் பெயர் வாங்கியது இன்னொருவர்.

இதில் இன்னொரு கொடுமை. புரூஸ் லீ எழுதி வைத்திருந்த கதையில் அந்தக் கோபுரம் இருப்பது கொரியாவில். பொப்ஜூசா என்ற புத்தர் கோயிலில் இருக்கும் ஐந்தடுக்கு மரக்கோபுரத்தை மனதில் வைத்து எழுதியது. கிளவுஸ் படத்தில் கொரியாவையே கழற்றிவிட்டார்கள். கோபுரம் ஹாங்காங்கில் ஒரு உணவகத்தின் மேல்மாடியாகச் சுருங்கிவிட்டது. கடைசியில் அந்தப் படத்துக்குள் மிஞ்சிய கொரியாவில் பாதி, முகம் தெரியாமல் படி ஏறிய இந்த ஆள்தான்.

சரி, பெயருக்கு வருவோம். ஹாங்காங்கில் இவருக்கு வைத்த திரைப்பெயர் டோங் லுங். 'வே ஆஃப் த டிராகன்' பார்த்தவர்களுக்குப் பொறி தட்டியிருக்கும். அதில் புரூஸ் லீயின் பாத்திரத்தின் பெயர் டாங் லுங். எழுதினால் அதே இரண்டு சீன எழுத்துகள். பிற்பாடு கொரியப் படத்தில் நடித்தபோதும் அதே இரண்டு எழுத்தைக் கொரிய உச்சரிப்பில் படித்துப் பெயராகப் போட்டுக்கொண்டார்கள். முகம்தான் கடன் என்றால் பெயரும் கடன்.

இவருடைய முகத்தைத் தாராளமாகப் பார்க்க வேண்டுமானால் 'டவர் ஆஃப் டெத்' பாருங்கள். 1981, இயக்கம் இங் சீ-யூன். சில ஊர்களில் 'கேம் ஆஃப் டெத் 2' என்ற பெயரில் வந்தது. முதல் பாதியில் பழைய கதைதான். 'எண்டர் த டிராகன்' எடுத்தபோது விட்டுப்போன துண்டுகளை வைத்து புரூஸ் லீயை நடமாடவிடுகிறார்கள், இடையிடையே கிம் முதுகைக் காட்டுகிறார். பிறகு நண்பனின் சவ அடக்கத்தில் ஒரு ஹெலிகாப்டர் வந்து சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது (ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள்). பில்லி லோ அதில் தொங்கிக்கொண்டு போய், விழுந்து செத்துவிடுகிறான். அதோடு புரூஸ் லீ படத்திலிருந்து விடைபெறுகிறார்.

அப்புறம் பில்லியின் தம்பி பாபி லோ வருகிறான். வேலைவெட்டி இல்லாமல் சுற்றும் தம்பி. அது கிம். தாடி இல்லை, கறுப்புக் கண்ணாடி இல்லை. மூன்று வருடம் கழித்து, ஹீரோ செத்த பிறகுதான் டூப்புக்கு முகம் கிடைக்கிறது. அந்த நிமிடத்திலிருந்து படத்தின் நடையே மாறுவதைப் பாருங்கள். எடிட்டருக்கு ஒளித்து மறைக்க எதுவும் இல்லை. அதனால் ஷாட்கள் நீளமாகின்றன, உதை தொடங்கி முடியும்வரை ஒரே ஷாட்டில் முழு உடம்பும் தெரிகிறது. என் கணக்கில் இவர் வேலையின் உச்சம் இந்த இரண்டாம் பாதிதான்.

அதே 1981இல் கொரியாவில் ஒரு படம், ஆங்கிலத்தில் 'மிஸ், ப்ளீஸ் பி பேஷண்ட்' என்று பெயர். ஜோடி ஜங் யூன்-ஹீ, அப்போது அங்கே உச்சத்தில் இருந்த நாயகிகளில் ஒருவர். அப்புறம் சில்லறையாக ஒன்றிரண்டு. 1986இல் நீங்கள் பார்த்த படம். தயாரிப்பு அதே இங் சீ-யூன், இயக்கம் கோரி யூன். 'டவர் ஆஃப் டெத்' இயக்கிய ஆளுக்கு, புரூஸ் லீ ஆவி வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவது என்பதில் சந்தேகமே வந்திருக்காது. முதலில் உடம்பு, பிறகு தம்பி, கடைசியில் ஆவி. இவருடைய ஹாங்காங் கணக்கு கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சினிமாவை விட்டுவிட்டுக் கொரியாவில் தொழில் செய்தார். 2011 ஆகஸ்ட் 27 அன்று, வயிற்றில் ஏற்பட்ட ரத்தக்கசிவால் இறந்தார்.

யோப்சாகி எழுதியது:

கத்தரிக்கோல் அண்ணா எடிட்டிங் பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் கால் பக்கத்தைச் சொல்கிறேன். ஆறு வருடமாக டேக்வாண்டோ பழகுகிறேன். பக்கவாட்டு உதையில் (அதுதான் யோப் சாகி) என் இடுப்பு இன்னும் முழுசாகத் திரும்ப மறுக்கிறது. மாஸ்டர் தினமும் குச்சியால் தட்டுகிறார். அந்த வலியில் சொல்கிறேன், நம்பலாம்.

புரூஸ் லீ போல நடிப்பது ஏன் கஷ்டம் தெரியுமா? பெரும்பாலானவர்கள் பலமான கையையும் காலையும் பின்னால் வைத்து நிற்பார்கள். அவர் தலைகீழ். வலது காலை முன்னால் வைத்து நிற்பார், முன்காலாலேயே பாய்ந்து உதைப்பார். டேக்வாண்டோவில் வளர்ந்தவனுக்குப் பின்காலைச் சுழற்றி அடிப்பதுதான் ருசி. உடம்பு சின்ன வயதிலிருந்து பழகியதை மறைத்துக்கொண்டு இன்னொருத்தர் மாதிரி நிற்பது, இடது கையால் கையெழுத்துப் போடுவது போல. 'டவர் ஆஃப் டெத்' இரண்டாம் பாதியில் தம்பியாக வந்ததும் கிம் உதைகள் உயரமாகவும் வட்டமாகவும் மாறுவதாக எனக்குத் தோன்றும். அது அவருடைய சொந்தக் கையெழுத்து.

அதில் கடைசியில் மோதுவது யாரோடு என்று அண்ணா சொல்லவில்லையே! ஹ்வாங் ஜாங்-லீ. 'டிரங்கன் மாஸ்டர்' படத்தில் ஜாக்கி சானைப் புரட்டி எடுக்கும் இடிக்கால் வில்லன். அவரும் கொரியர், ராணுவத்தினருக்கு டேக்வாண்டோ சொல்லிக்கொடுத்தவர். 'கேம் ஆஃப் டெத்'தின் ஹாங்காங் பிரதியிலும் இதே கதைதான். கண்ணாடி வீட்டுக்குள், செடிகளுக்கு நடுவே ஒரு சண்டை வரும். எதிரி காசனோவா வோங், அவரும் கொரியர். ஆக, புரூஸ் லீ சண்டை போடுகிறார் என்று உலகம் பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கே நிஜத்தில் இரண்டு கொரியர்கள் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஹாங்காங் கம்பெனிகள் காலுக்குக் கொரியாவைத்தான் நம்பின. 'வே ஆஃப் த டிராகன்' படத்தில் ஜப்பான்காரனாக வருபவர்கூட ஹ்வாங் இன்-ஷிக், கொரிய ஹாப்கிடோக்காரர். 1980இல் 'யங் மாஸ்டர்' கடைசியில் ஜாக்கி சானைக் கால் மணி நேரம் மடக்கி மடக்கிப் போடுவாரே, அவரேதான். இவர்கள் எல்லாருக்கும் வில்லன் முகமாவது கிடைத்தது. கிம்முக்கு அதுவும் இல்லை.

கேசட்கடை எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், நான் சொன்னது தப்பு. 'டவர் ஆஃப் டெத்' கேசட் என் கடையிலேயே இருந்தது. அட்டையில் புரூஸ் லீ படம்தான். உள்ளே பாதிப் படத்துக்கு மேல் ஓடியவருக்கு அட்டையில் தபால்தலை அளவுகூட இடம் இல்லை. ஒருத்தர் வந்து, "பாதியிலேயே ஹீரோவைக் கொன்றுவிட்டார்கள், பாதிக் காசைத் திருப்பிக் கொடு" என்று சண்டை போட்டார். கொடுக்கவில்லை.

நடுராத்திரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு படத்தையும் பார்த்துவிட்டேன். கண்ணாடிக் காட்சியைப் பார்த்து நானும் சிரித்தேன், பிறகு கத்தரிக்கோல் சொன்னதற்காக இன்னொரு தடவை ஓட்டி உட்கார்ந்திருப்பவரின் காதை மட்டும் பார்த்தேன்.

'டவர் ஆஃப் டெத்'தில் அந்த ஹெலிகாப்டரிலிருந்து அண்ணன் விழுந்த பிறகு தம்பி முதன்முதலாகத் திரையில் வரும்போது, "அட, நம்ம ஆவி!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து அம்மா எழுந்து வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

யோப்சாகி சொன்ன கடைசிச் சண்டை அருமை. பூமிக்கு அடியில் தலைகீழாக இறங்கும் கோபுரம் என்ற யோசனையும் பிடித்தது. ஆனால் ஒரே ஒரு சந்தேகம். நடுவில் படுக்கையறைக்குள் ஒரு சிங்கம் பாய்கிறதே, அது சிங்கமா, சிங்கத்தோல் போர்த்திய ஆளா? கிம் அதோடு முழு மூச்சாகச் சண்டை போடுகிறார். அந்தச் சிங்கம் குங்ஃபூ உதை உதைக்கிறது.

கத்தரிக்கோல் எழுதியது:

ஆள்தான். யார் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் படத்தில் கிம்மைவிடப் பாவம் அவர், முதுகுகூடத் தெரியவில்லை.